அடிச்சர்க்கரை

ஐஸ் ஃபேக்டரியில் அவனுக்கு அடிச்சர்க்கரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் மேஸ்திரியின் வாயில் வரும்; மற்ற நாளெல்லாம் இதுதான். காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கேன்டீன்காரர் தட்டில் அடுக்கிக் கொண்டுவரும் தேநீரில் சர்க்கரை கலக்காமல் அடியில் கிடக்கும். தட்டின் காதில் கயிறு கட்டி ஒரு கரண்டியைத் தொங்கவிட்டிருப்பார். ஆளாளுக்கு அதைப் பிடுங்கிக் கலக்கிக் குடிப்பார்கள். அவன் மட்டும் அந்தக் கரண்டியைத் தொடமாட்டான். மேலே நிற்கிற கசப்பைக் குடித்துவிட்டு, ஈரச் சர்க்கரையோடு கிளாசைத் திருப்பி வைப்பான். "மகராசன், எறும்புக்குப் படியளக்கிறான்" என்று கேன்டீன்காரர் கேலி பேசுவார். அவன் சிரிக்கவும் மாட்டான், முறைக்கவும் மாட்டான்.

வீட்டிலும் இதே கதைதான். அவனுடைய அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் தேநீரை இனிப்பில்லாமல் மொத்தமாகப் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் தங்கள் கிளாசில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொள்வது வழக்கம். அவன் ஜெயிலிலிருந்து வந்த மறுநாள் காலை, அவன் பெண்டாட்டி ஆசையாசையாக அவன் கிளாசில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கினாள். பாயில் உட்கார்ந்திருந்தவனின் வலது கை தானாக மூடிக்கொண்டு தன் தொடையிலேயே குத்த ஆரம்பித்தது. ஓங்கி ஓங்கிக் குத்தியது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டினாள். இவள் பயந்துபோய்க் கரண்டியைத் தட்டில் வைத்தாள். கை நின்றது. அவன் தொடையில் கன்றிப்போன அடையாளம் மறைய வெகுநாள் ஆயிற்று.

அன்றைக்கே அவள் சர்க்கரையைக் காய்ச்சிப் பாகாக்கி ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் கலக்கியதில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. இத்தனைக்கும் ஃபேக்டரியில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஐஸ் கட்டிகளைச் சுற்றுகிற கோணிகளைக் கிழிசல் தைப்பது அவள் வேலை. கையிலும் கோணி ஊசி, வாயிலும் கோணி ஊசி. யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் குத்திக் கேட்டுவிடுகிறவள், தன் புருஷனிடம் மட்டும் இதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தாள்.

அவன் முன்பு சிப்பாயாக இருந்தவன். பஸ் ஸ்டிரைக் நடந்த வருஷம் பிடித்துக்கொண்டு போனவர்களை ஊருக்கு வெளியே ஒரு முகாமில் அடைத்திருந்தார்கள். அங்கே இவன் காவல். உள்ளே நடந்த கொடுமை மெல்ல வெளியே கசிந்து, கேஸ் நடந்து, இவனும் இவனைப்போல் தோளில் பட்டை இல்லாத சிலரும் ஜெயிலுக்குப் போனார்கள். முகாமுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் பெரிய ஐயா என்பார்கள். அவர் கோர்ட்டு வாசலில், என் கண்ணுக்குத் தெரியாமல் பையன்கள் வரம்பு மீறிவிட்டார்கள், என் மனசே உடைந்துவிட்டது என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படம் பேப்பரில் வந்தது. தண்டனை முடிந்து இவன் வெளியே வந்தபோது ஐஸ் ஃபேக்டரி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நாத்தனார்க்காரி அந்தப் பேப்பர் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். செத்துப்போன தன் புருஷனுக்குக்கூட அவள் கண்ணாடி போடவில்லை, வெறும் அட்டைதான்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் அவள் தைக்கிற கோணி ஷெட்டுக்கு வந்தார். ஐஸுக்கு அலை மோதுகிற காலம் அது. உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகரப் பெட்டிகள் சங்கிலியில் ஏறிக்கொண்டே இருந்தன. சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் கட்டி கழன்று, புகைவிட்டுக்கொண்டு பலகையில் சறுக்கிவரும். அடுத்த கட்டடத்தில் நொறுக்கு மெஷின் ஓய்வில்லாமல் கத்தியது. ஷெட்டில் ஈரச் சணல் வாடையும் மரத்தூளும்.

"தங்கச்சி, இங்க ஊசின்னு கூப்பிடுறது உங்களையா?"

"ஏன், எங்கயாவது குத்திருச்சா?" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அவர் சிரித்தார். அகலமான தோள், பஸ் டிப்போவின் காக்கிச் சட்டை, வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. உட்காருங்கள் என்று கோணிக் கட்டைக் காட்டினாள். அவர் அதில் உட்காராமல், வாசலில் கவிழ்ந்துகிடந்த ஒரு தகரப் பெட்டியை இழுத்துப்போட்டு வெளிக்காற்றில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கேன்டீன்காரர் வந்தார். வந்தவரைச் சும்மா உட்காரவைப்பது மரியாதையில்லை என்று இவள் ஒரு கிளாசை எடுத்துக் கொடுத்து, கயிற்றுக் கரண்டியை இழுத்து அதில் போடப் போனாள். கரண்டி கிளாசில் ஒருமுறை மோதியதுதான் தாமதம், அவர் கிளாசைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் தேநீர்.

"வேணாம்மா. எனக்கு இப்படியே குடிச்சுப் பழக்கம்" என்றார்.

குடித்தார். குடித்துவிட்டுக் கிளாசைத் தரையில் வைத்தார். அடியில் ஈரச் சர்க்கரை அப்படியே இருந்தது. கேன்டீன்காரர், இன்னொரு அடிச்சர்க்கரையா என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியைக் கோணியில் குத்திவைத்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இருந்த கேம்ப்லதான் நானும் இருந்தேன். அவர் கதவுக்கு வெளிப்பக்கம். நான் உள்பக்கம்."

அவர் பஸ் டிரைவர். ஸ்டிரைக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். கண் தெரியாதபடி தலையில் கோணியை மாட்டியேதான் வைத்திருந்தார்களாம். அதனால் கோணி மேல் உட்கார முடியவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்துக் காட்டினார். விரல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் திசைக்கொன்றாக நின்றன, மடங்கவில்லை. இந்தக் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்பதால் டிப்போவில் டிக்கெட் கிழிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

"யாரு செஞ்சது?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று புரிந்தது.

அவர் ஃபேக்டரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எழுந்து அவர் காலில் விழப்போனாள். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கும்மா விழணும்? உக்காருங்க. கோபம் இருக்கு தங்கச்சி. இல்லேன்னா அது பொய். ஆனா என் கோபத்துக்கு ஒரு வரிசை இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி இன்னொருத்தர் நிக்கிறாரு. அவரை விட்டுட்டு இவர்கிட்ட வர எனக்கு மனசு ஒப்பல."

விஷயம் இதுதான். மேலே இருந்தவர்களைப் பற்றி இப்போது தனியாக ஒரு விசாரணை வைத்திருக்கிறார்கள். பெரிய ஐயாவோ, புதிதாகப் படையில் சேரும் பையன்களுக்குப் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்துக்குத் தலைவராகப் போகிறார். விசாரணையில் அவர் மேல் ஒன்றும் ஒட்டவில்லையென்றால் அடுத்த மாதமே போய் உட்கார்ந்துவிடுவார். உத்தரவு போட்டதற்கு ஒரு சாட்சி கிடையாது. ஜெயிலுக்குப் போய்வந்த சிப்பாய்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"அங்க சேர்ற பசங்களுக்கு மீசைகூட ஒழுங்கா முளைச்சிருக்காது. உங்க வீட்டுக்காரர் கையில குடுத்ததைத்தான் அவங்க கையிலயும் குடுப்பாரு. நான் காதால கேட்டவன். கண்ணால பார்த்தது உங்க வீட்டுக்காரர். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுசா நிக்கும்."

"என்ன கேட்டீங்க அண்ணே?"

"அதை அவர் வாயாலயே கேளுங்க. நான் சொன்னா, சொல்லிக்குடுத்து வந்த சாட்சின்னு ஆயிடும்" என்று எழுந்துகொண்டார். தேநீருக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த விரல்களாலேயே.

அவர் வெயிலில் இறங்கி நடந்து கேட்டைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் கையை நொறுக்கியவன் வேலை செய்கிற இடத்தைத் தேடி வந்து, அவன் பெண்டாட்டியைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போகிறாரே, இவர் எந்த மண்ணால் செய்த மனுஷர் என்று மலைத்துப்போனாள். அன்று தைத்த கோணியெல்லாம் கோணலாகவே போயிற்று.

வீட்டில் பேச்சை எடுத்ததும் நாத்தனார் ருத்ர தாண்டவம் ஆடிவிட்டாள். சோறு போட்ட கையைக் கடிக்கச் சொல்கிறாயா, பெரிய ஐயா இல்லாவிட்டால் என் தம்பி இன்றைக்குத் தெருவில் நின்றிருப்பான், எவனோ வந்து ஏதோ சொன்னானாம் இவள் கேட்டாளாம் என்று படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினாள்.

"தெருவுல நிக்க வச்சதும் அவர்தானே அண்ணி. தள்ளிவிட்டவரே கையைப் பிடிச்சுத் தூக்கினா, தூக்கினதை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டணுமா?"

நாத்தனார், பதில் கிடைக்காதபோது வழக்கமாகச் செய்வதுபோல் மாத்திரையைத் தேடினாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தான். டிரைவர், வலது கை என்று அவள் சொன்னபோது மட்டும் பிசைவது நின்றது. சின்னவள் அப்பாவின் பக்கத்தில் வராமல் வாசல்படியிலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான்; அப்பாவின் கை எப்போது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இவள் புருஷனை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். கேட்டே தீருவது என்று அப்போது முடிவு செய்தாள்.

மறுநாள் தைத்த கோணிகளைத் தலையில் சுமந்துகொண்டு நொறுக்கு மெஷினுக்கே போனாள். அவன் கொக்கியால் கட்டிகளை இழுத்து மெஷின் வாயில் தள்ளிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செய்கிற வேலையை அவன் வெறுங்காதோடு செய்வான். இந்த இரைச்சலில் வேறு சத்தம் எதுவும் கேட்காது என்றுதான் மேஸ்திரியிடம் கெஞ்சி இந்த இடத்தை வாங்கினான் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் போய் அவன் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அந்த ஸ்பூன்ல என்னதாங்க இருக்கு?"

அவன் கொக்கியை விடவில்லை. ஒரு கட்டியைத் தள்ளினான். இன்னொன்றைத் தள்ளினான். பிறகு அவள் காதோரம் குனிந்தான். அவனும் கத்தித்தான் சொன்னான். ஆனால் அந்த இரைச்சலில் அவளைத் தவிர யாருக்கும் அது கேட்டிருக்காது.

"கதவு திறந்தே இருக்கும். வெளிய நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. டீ வரும். ஸ்பூனைப் போட்டுக் கலக்குவாரு. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் நாங்க கையை நிறுத்தக் கூடாது. ஸ்பூனை எடுத்து சாசர்ல வச்சா நிறுத்தணும். அவ்வளவுதான். வாயால ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் நானா நிறுத்திட்டேன். அந்த ஆளு கத்துனது தாங்கல. பெரிய ஐயா உள்ள வந்தாரு. அடிக்கல, திட்டல. 'நான் இன்னும் டீயே குடிச்சு முடிக்கலையே தம்பி'ன்னாரு. தோள்ல தட்டிக்குடுத்துட்டுப் போய் மறுபடி கலக்க ஆரம்பிச்சாரு. அப்புறம் எங்களுக்கே புரிஞ்சு போச்சு."

பனிக்கட்டி உடைந்து பொடியாகக் கொட்டியது. அவள் முகத்திலெல்லாம் தெறித்தது.

"கேஸ்ல ஏன் சொல்லல?"

"என்ன ஆர்டர் போட்டாருன்னு கேட்டாங்க. அவர்தான் ஆர்டரே போடலையே. டீ குடிச்சாருன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த முட்டாள்கள் அத்தனை பேரும், உத்தரவு வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று நம்பிக்கொண்டு வரிசையாக ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். அது போகட்டும். அந்த டிரைவரின் விரல்கள் கண் முன்னால் வந்தன.

"ஒரு ஸ்பூன் சத்தத்துக்கு ஆடினீங்களா? உங்களுக்குன்னு ஒரு மனசு இல்லையா?"

"ஆடினேன்" என்றான். தப்பிக்கிற மாதிரி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அவனை அன்று விட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க. அதைக் கேட்டவர் ஒருத்தர் உயிரோட இருக்காரு" என்று கத்திவிட்டுக் கோணியை இறக்கிவைத்துத் திரும்பினாள். விசாரணைக்கு முந்தின சாயங்காலம் அவன் தானே சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டான்.

விசாரணை நடந்தது ஒரு பழைய மண்டபத்தில். உயரமான கூரை, மின்விசிறிகள் சுற்றினவே தவிரக் காற்று கீழே வரவில்லை. முன்னால் மேடை போட்டு, விசாரணையை நடத்தும் தலைவர் அம்மா உட்கார்ந்திருந்தார். நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், இருமலும் கண்ணாடியுமாக மெலிந்த உருவம். அவருக்கு இடப்பக்கம் பெரிய ஐயாவுக்கும் வக்கீலுக்கும் துணி விரித்த மேஜை. இவர்களுக்குப் பின்வரிசையில் பெஞ்சு. பெரிய ஐயாவை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நாத்தனாரும் கிளம்பி வந்திருந்தாள். அவளுக்காக இனிப்பில்லாத தேநீர் ஃபிளாஸ்கில். பாகு சிந்திவிடும் என்று சர்க்கரை தனியாக ஒரு பொட்டலம். மத்தியானத்துக்குச் சோற்று டப்பா.

இவர்கள் யார் என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். காலியான இடத்தில் டிரைவர் வந்து உட்கார்ந்தார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் ஃபிளாஸ்க் மூடியில் அவருக்குத் தேநீர் ஊற்றி, சர்க்கரையைக் கொட்டி, கலக்காமல் கொடுத்தாள். அவர் வாங்கித் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

பெரிய ஐயா உள்ளே வந்தார். வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு, யாரையும் பார்க்காத பார்வை. முன்வரிசை எழுந்தது, நடுவரிசை எழுந்தது. எழக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கால்களும் எழுந்துவிட்டன. எழாமல் இருந்தவர் பக்கத்தில் இருந்த டிரைவர் ஒருவர்தான். தலைவர் அம்மா எல்லோரையும் உட்காரச் சொன்னார். சேவகர் ஒருவர் பெரிய ஐயா முன்னால் பீங்கான் கோப்பையை வைத்தார். அவர் கரண்டியைப் போட்டு, நிதானமாகக் கலக்க ஆரம்பித்தார். பெஞ்சு லேசாக ஆடியது. டிரைவரின் உடம்பு நடுங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவனைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். முகாமில் நடந்ததைச் சொல்லுங்கள், யார் சொல்லிச் செய்தீர்கள் என்று தலைவர் அம்மா கேட்டார்.

"அம்மா, ராத்திரி ஆனா கதவு திறந்தே இருக்கும். வெளிய நாற்காலியில..."

பெரிய ஐயா கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். டிங் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அவன் வாய் மூடிக்கொண்டது.

பெரிய ஐயா அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கோப்பையை எடுத்தார். மேலே சொல்லுங்கள் என்றார் தலைவர் அம்மா. அவன் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. வக்கீல் எழுந்து, சாட்சிக்குச் சொல்ல ஒன்றுமில்லை, இறங்கச் சொல்லலாம் என்றார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நடந்தது என்ன என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது, புரிந்து என்ன செய்ய? எழுந்து கத்தினால், பெண்டாட்டி சொல்லிக்கொடுக்கிறாள் என்பார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கு முன்னால் தன் புருஷன் இனி எந்தக் காலத்திலும் வாய் திறக்கப் போவதில்லை; அவன் கையும் அடங்கப் போவதில்லை.

"தங்கச்சி, உங்ககிட்ட ஸ்பூன் இருக்கா?"

டிரைவர்தான் கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. சோற்று டப்பாவில் சின்னவளின் கரண்டி தவறிப்போய்க் கிடந்தது. எதற்கு என்று கேட்க நினைத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அவர் இடது கையால் தேநீரைப் பிடித்துக்கொண்டார். மடங்காத வலது கை விரல்களுக்கு நடுவே கரண்டியைச் செருகினார். ஒருமுறை நழுவியது. மறுபடி செருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கலக்க ஆரம்பித்தார்.

இரும்பு மூடியில் கரண்டி மோதுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர் உடம்பில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அதே சத்தத்தை அவர் இப்போது தன் கையாலேயே எழுப்புகிறார், நெற்றி வேர்வையும் கண்ணீரும் சேர்ந்து தாடையில் வழிகின்றன, நிறுத்தவில்லை. யாருக்காக? தன் விரல்களை உடைத்தவனுக்காக. நிறுத்தாதே, சொல்லு என்று அவனுக்குச் சொல்கிறார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வத்தைப் பார்க்கிறவர்கள் இப்படித்தான் வாயைப் பொத்திக்கொள்வார்களோ என்னவோ.

சேவகர், யாரது சத்தம் போடுவது என்று ஓடிவந்தார். தலைவர் அம்மா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். அவர் டிரைவரைப் பார்க்கவில்லை, கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் நின்றவனின் வலது கை மூடித் தொடையில் ஒரு குத்துக் குத்தியது. இடது கை அதை எட்டிப் பிடித்தது. அவன் தலையைத் தூக்கிப் பின்வரிசையைப் பார்த்தான். கலக்குவது யார் என்று பார்த்தான். வாய் திறந்தது.

"டீ கலக்குவாரும்மா. கலக்குற வரைக்கும் அடிக்கணும். ஸ்பூனைக் கீழ வச்சா நிறுத்தணும். அதான் எங்களுக்கு ஆர்டர். அதோ அங்க உக்காந்திருக்காரே, அவர் கையை நான்தான் மிதிச்சு உடைச்சேன். அன்னைக்குப் பெரிய ஐயா கலக்கிக்கிட்டே இருந்தாரு, நிறுத்தவே இல்ல. இப்பவும் பாருங்க. நான் பேச ஆரம்பிச்சதும் ஸ்பூனைக் கீழ வச்சாரு. நான் நிறுத்திட்டேன். நீங்க எல்லாரும் பார்த்தீங்கல்ல?"

வக்கீல் துள்ளி எழுந்தார். தலைவர் அம்மா அவரை உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெரிய ஐயா பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"கப்பை எடுத்துட்டுப் போகச் சொல்றேன். நீங்க எழுந்து நின்னு பதில் சொல்லுங்க."

பெரிய ஐயா அக்கம்பக்கம் பார்த்தார். அவருக்காக எழுந்த முன்வரிசையில் ஒருத்தரும் அசையவில்லை. கோப்பை போய்விட்டது. வெறும் மேஜையில் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மெல்ல எழுந்து நின்றார். ஒரு மெலிந்த அம்மாள் சொல்லி அவர் எழுந்து நிற்பதை அந்த மண்டபமே மூச்சு விடாமல் பார்த்தது. நாத்தனார் இவள் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

டிரைவர் இன்னும் கலக்கிக்கொண்டே இருந்தார். கண் திறக்கவில்லை. முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் அவர் மணிக்கட்டைத் தொட்டாள்.

"போதும் அண்ணே. எல்லாம் சொல்லிட்டாரு. வச்சிடுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். கரண்டியை வெளியே எடுத்தார். எங்கே வைத்தாலும் சத்தம் வரும். மூடியின் விளிம்பைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், வைக்க இடமில்லாமல் அந்த உடைந்த விரல்களிலேயே வைத்துக்கொண்டு திகைத்தார். அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவர் அதில் வைத்தார். சத்தமே வரவில்லை.

பிறகு ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் என்னவோ மாதிரி மாறியது. மூடியைச் சாய்த்து அடியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இவ்வளவு இனிப்பா போடுவீங்க தங்கச்சி?" என்று கேட்டார்.